அப்பாவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுத வேண்டும், 1971 பற்றி ஒன்றும் தெரியவில்லை

லிங்கராஜபுரம் மகள்:
அப்பா போய்ப் பத்து நாள் ஆகிறது. வயது 78. வரும் ஞாயிறு காரியம், வருகிறவர்களுக்குக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கலாம் என்று நானும் அண்ணனும் நினைத்தோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து 1965இல் பட்டாளத்தில் சேர்ந்து, இங்கே பெங்களூர் அல்சூரில், பட்டாளப் பொறியாளர்களான சப்பர்களின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) பயிற்சி எடுத்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1971 போரில் இருந்தார். கேட்டால் "குளிர் அதிகம்" என்பார், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த அப்பா வேறு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம், அதனால் இன்லேண்ட் லெட்டர் முழுக்கப் படமாகவே வரைந்து அனுப்புவார்: கூடாரம், கோதுமை வயல், தட்டில் சப்பாத்தி. ஊருக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். தோட்டத்தில் ஒரு செடி வைப்பதென்றாலும் மெல்லிய கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார், நாங்கள் நேராகக் குத்தினால் அப்படியொரு கோபம் வரும், மற்றபடி கோபமே தெரியாத மனிதர்.

அண்ணன் போரைப் பற்றி ஒரு பக்கமாவது வேண்டும் என்கிறான். டிரங்குப் பெட்டியில் மெடல்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்கின்றன, அதில் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்று போட்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

சிவாஜிநகர் பையன்:
அக்கா, எம்.இ.ஜி. 1780இல் தொடங்கியது. முள்வேலியைத் தகர்க்கிற பெங்களூர் டார்பிடோ என்ற குழாய் வெடியை 1912இல் இங்கேதான் கண்டுபிடித்தார்கள். இதையெல்லாம் முதல் பக்கத்தில் போடுங்கள், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது.

காக்ஸ்டவுன் செல்வி:
அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள், இன்லேண்ட் தாள் மடிப்பில் விட்டுப்போகும். அப்புறம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் (பென்ஷன் உத்தரவு) பத்திரமாக வையுங்கள், அம்மாவின் குடும்பப் பென்ஷனுக்கு அவை வேண்டும்.

முன்னாள் சப்பர்:
அம்மா, நானும் எம்.இ.ஜி.தான். எங்களை எல்லாப் படையிலும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், உங்கள் அப்பாவும் ஒரு தம்பி. படைப்பிரிவின் சரித்திரத்துக்கு ஒரு வரி போதும், புத்தகம் அவருடையது.

9 இன்ஜினியர் என்றால், 1971 டிசம்பர் 15 இரவு பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்குகளுக்காகக் கண்ணிவெடி வயலில் வழி எடுத்தவர்கள். வேலை முடிவதற்குள் முன்னால் நிலைமை மோசமாகி, பூனா ஹார்ஸ் என்ற டாங்கு ரெஜிமென்ட்டின் டாங்குகள் பாதி எடுத்த வழியிலேயே கடந்து போயின. மறுநாள் அங்கேதான் அந்த ரெஜிமென்ட்டின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் வீழ்ந்தார், பரம்வீர் சக்ரா பெற்றவர். ஆனால் அந்தத் தேதியில் அப்பா அந்த ரெஜிமென்ட்டில் இருந்தாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மெடல்களில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு. சந்தேகம் இருந்தால் ஆர்மி நம்பரைப் போட்டு எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸுக்கு எழுதிக் கேளுங்கள், ஞாயிறுக்குள் பதில் வராது, பரவாயில்லை.

நீங்கள் சொன்ன அந்தக் கம்பியைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். பெரும்பாலான கண்ணிவெடிகள் மேலே அழுத்தினால்தான் வெடிக்கும். அதனால் படுத்துக்கொண்டு, சாய்வாகக் குத்தி, பக்கவாட்டில் தட்டுகிறதா என்று விரல் விரலாகத் தேடுவோம். நேராகக் குத்தினால் முடிந்தது. பிள்ளைகள் நேராகக் குத்துவதை அவரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

லிங்கராஜபுரம் மகள்:
ஐயா, நேற்று இரவு இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து கடிதக் கட்டை எடுத்துக்கொடுத்தார். போர் முடிந்து வந்த ஒரு கடிதத்தில், ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார், கையில் சாய்வாக ஒரு குச்சி, பின்னால் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள். களைத்துப்போய்த் தூங்குகிறார் என்றுதான் அம்மா இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். மெடலும் பார்த்தோம், பஸ்சிமி ஸ்டார்தான். டிஸ்சார்ஜ் புத்தகத் தேதியும் சரியாக வருகிறது.

அட்டையில் அந்தப் படம்தான் என்று அண்ணனும் சொல்லிவிட்டான். ஞாயிறு வர முடியுமா ஐயா? படத்தை உங்களிடம் காட்டி, அந்தக் கொடிகள் என்னவென்று கேட்க வேண்டும் என்கிறார் அம்மா.