துருப்பிடித்த எஞ்சின் பாகம்: எடுத்து வைப்பதா, எடைக்குப் போடுவதா?

வேலூர் புல்லட்காரன்

மாமனாரோட 1979 மாடல் புல்லட் 350 என் தலையில் விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன தீபாவளிக்கு முந்தி ஆம்பூர் தாண்டும்போது பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கிட்டது. பிரிச்சுப் பார்த்தா, பிஸ்டன் ஓடுற சிலிண்டர் இருக்கே, அந்தப் பேரலுக்குள்ளே மேலிருந்து கீழ் வரைக்கும் நாலு கோடு, நகம் மாட்டுற ஆழம். பிஸ்டன் தலையில் 60ன்னு குத்தியிருந்தது.

விஷயம் தெரியாதவங்களுக்கு: இந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குக் கம்பெனி போர், அதாவது பேரலோட உள்விட்டம், 70 மில்லிமீட்டர். தேய்ஞ்சா லேத்தில் குடைஞ்சு 20 தௌ, 40 தௌ, 60 தௌன்னு பெரிய பிஸ்டன் போடுவாங்க. ஒரு தௌன்னா ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் பேரல் கடைசிப் படிக்கட்டில் நின்னுக்கிட்டிருந்தது.

அப்புறம் என்ன, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விக்கிற புதுப்பேட்டைதான். அரைநாள் அலைஞ்சதில் ஒரு கடையில், சைலன்சர் குவியலுக்கு அடியில் ஒரு பேரல் கிடைச்சது. செங்கல் நிறம். உள்ளே கையை விட்டா உப்புத்தாள் மாதிரி இருந்தது. 'ஸ்டாண்டர்ட் சைஸ் தம்பி, இன்னும் போரே போடல' என்றார் கடை பாய். 900 சொன்னார், 750க்கு முடிஞ்சது. கூட வந்த மச்சான், 'காசு கொடுத்துத் துருவை வாங்குற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்'னு சொன்னான்.

வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சது மூணே வேலை. முதல்ல கயித்தில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். சந்தையில் மண்பானை வாங்குற மாதிரிதான். 'ணங்'குன்னு கேட்டா நல்லது, 'தொப்'புன்னா எங்கேயோ விரிசல். இது கோயில் மணி மாதிரி கேட்டது. அடுத்தது சூடு ஆறுறதுக்காக வெளியே இருக்கிற தகடு, அதான் ஃபின், ஒவ்வொண்ணாப் பார்த்தேன், ஒரு மூலை மட்டும் உடைஞ்சிருந்தது. மூணாவது, பெட்ரோல் நனைச்ச துணியால் உள்ளே துடைச்சேன். துணியில் வந்த செந்தூளைப் பத்திக் கவலைப்படல. தூள் போனதும் அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரியுதா, தெரிஞ்சா எந்த உயரத்தில், இதைத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அடிப்பக்கம் நிறைய இருந்தது. நடுவில் ஒண்ணுமில்லை. மேலே, பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் நின்னு திரும்புற இடத்துக்கிட்டே பிறை மாதிரி ஒரு பட்டை. அடிப்பக்கக் குழி ஒண்ணும் பண்ணாது, அங்கே அழுத்தம் இல்லை. மேல்பட்டைதான் இடிச்சது. எரியுற வாயுவோட முழு அழுத்தமும் அங்கேதான், எண்ணெய்ப் படலம் மெலிஞ்சு போறதும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் கரண்ட் வைத்தியம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணி, கொஞ்சம் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரோட மைனஸ் பேரலில், பிளஸ் ஒரு துண்டு முறுக்குக் கம்பியில். ரெண்டும் தொட்டுக்கக் கூடாது. கம்பிக்குப் பதிலா எவர்சில்வர் போட்டுடாதீங்க, அதிலிருக்கிற குரோமியம் தண்ணியில் இறங்கி விஷமாகும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீங்க. அலுமினியம் ஒட்டின பொருளையும் இதில் போடக் கூடாது, அரிச்சுடும். ஒருநாள் ஒரு ராத்திரி கழிச்சு எடுத்தா செந்துரு கறுப்புச் சேறா மாறியிருந்தது, பிரஷ் போட்டதும் போயிடுச்சு. கழுவின கையோட வெயிலில் காயவெச்சு எண்ணெய் தடவினேன். டீ குடிக்கப் போயிட்டு வந்து தடவலாம்னு நினைச்சா அதுக்குள்ளே மறுபடி மஞ்சள் பூத்திடும்.

இனிமே லேத்துக்குப் போகணும். 20 தௌன்னா விட்டத்தில் அரை மில்லி, அதாவது பக்கத்துக்குக் கால் மில்லிதான் உரியும். குழி அதுக்குள்ளே அடங்கினாச் சரி. இந்த மாதிரி துருப்பிடிச்ச சாமானோட மல்லுக்கட்டினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

ஆர்எக்ஸ் தாம்பரம்

நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நாலுநாள் தண்ணிக்குள்ளே இருந்தது. வீட்டுச் சாமானைப் பார்க்கவே நேரம் இல்லாததால் வண்டியைப் பிப்ரவரியில்தான் பிரிச்சேன்.

புல்லட்டில் கீழே ஆயிலாவது இருக்கும். என் வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக்கில், கிராங்க் சுத்துற கூடான கிராங்க் கேஸுக்குள்ளே தனியா ஆயில் கிடையாது, பெட்ரோலோட கலந்து வர்றதுதான் பேரிங்குக்கு எண்ணெய். தண்ணி போனா நேரா பேரிங்கில்தான் உட்காரும். பேரல் துரு 0.50 மில்லி ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் குடைஞ்சதில் சுத்தமாப் போயிடுச்சு. கிராங்கைப் பெட்ரோலில் அலசி, டீசலில் ஊறவெச்சுச் சுத்திப் பார்த்தேன். லேசா 'கரகர'. மெக்கானிக் அண்ணன், 'ஓட ஓட சரியாயிடும்'னார். எனக்கும் அதைக் கேட்க ஆசையா இருந்தது, அதான் உண்மை.

சுமார் 400 கிலோமீட்டர். செங்கல்பட்டு பைபாஸில் 'டக டக'ன்னு ஆரம்பிச்சு வீடு வர்றதுக்குள்ளே பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு ஆடிப்போச்சு. பிரிச்சா ராடோட பெரிய முனையில் ரோலர் ஓடுற தடம் முழுக்கப் பொத்தல், அதிலிருந்து செதில் செதிலா உரிஞ்சிருந்தது. அந்தச் செதில் போய்ப் புதுப் பிஸ்டனையும் கீறிடுச்சு. ராடு கிட் வாங்கி கிராங்கைப் பிரஸ் பண்ணினது, அலைன்மென்ட் பார்த்தது, மறுபடி பேரல் எல்லாம் சேர்த்தா முதல்லயே செஞ்சிருந்தா ஆகியிருக்கிற செலவு மாதிரி ரெண்டு மடங்கு. உருளுற இடத்தில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் இப்ப நான் கையில் எடுக்கிறதே இல்லை.

கரையோரம்

நாகப்பட்டினம் பக்கம். அப்பா விசைப்படகு வெச்சிருந்தார். பேரல் மணி மாதிரி கேட்டதுன்னு எழுதியிருக்கீங்க, நல்லது. ஆனா கடல் தண்ணி பட்ட வார்ப்பிரும்பில் கண்ணை நம்பாதீங்க. எஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணியை இழுக்கிற பம்போட உறை ஒண்ணு, பழசு வாங்கினோம். துருவே பெருசா இல்லை, பள்ளம் மேடு இல்லை, வார்ப்பில் இருந்த எழுத்துக்கூட அப்படியே இருந்தது. தூக்கினப்போ கொஞ்சம் லேசா இருக்கேன்னு அப்பாவுக்குச் சந்தேகம். மீன் அறுக்கிற கத்தியை எடுத்து ஓரத்தில் சீவினார். பென்சில் சீவுற மாதிரி வந்தது! கையெல்லாம் கறுப்பு.

உப்புத்தண்ணி இரும்பை மட்டும் கரைச்சுட்டு, வார்ப்பில் இருக்கிற கிராஃபைட்டை அதே வடிவத்தில் விட்டுட்டுப் போயிருக்கு. அப்புறமா எங்களுக்கு யாரோ விளக்கினாங்க. அதை மாட்டிக்கிட்டு நடுக்கடலுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அம்மா அன்னிக்கு முழுக்கத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. கத்தியைத்தான் நான் இப்பவும் எடுத்துட்டுப் போறேன்.

யாழ் கராஜ்

எங்கட பக்கம் துருவைக் கறள் எண்டுதான் சொல்லுவம். 95 ஒக்டோபரில் சண்டையாலை இடம்பெயர்ந்து போகேக்கை அப்பான்ரை மொறிஸ் மைனர் காரைக் கொட்டிலுக்கை விட்டிட்டுப் போனனாங்கள். அடுத்த வருசம் திரும்பி வந்தால் கொட்டில் கூரை இல்லை, கார் இருக்கு. எஞ்சின்ரை மேல்மூடி ஹெட்டைக் கழட்டினால் வால்வு ஸ்பிரிங் எட்டும் கறள். புதுசு வாங்க எங்கை போறது? அந்த நேரம் பெற்றோல் கிடைக்கிறதே பெரும்பாடு, கன வாகனங்கள் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. கம்பித் தூரிகையாலை தேய்ச்சு, எண்ணெய் பூசி, திருப்பிப் பூட்டினம். மூண்டு மாசம் நல்லாத்தான் ஓடினது. பிறகு ஒருநாள் ஒரு ஸ்பிரிங் நடுவாலை ரெண்டாய்ப் போச்சு, ஒரு சிலிண்டர் அடங்கீட்டுது. உடைஞ்ச முகத்தைப் பாத்தால் சின்னக் கறள் குழி ஒண்டிலை இருந்துதான் வெடிப்பு தொடங்கியிருக்கு. மிச்ச ஏழையும் அப்பா பிறகு நம்பேல்லை, ஆனால் மாத்தவும் வழியில்லை. ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணேக்கை காதை வைச்சுக் கேப்பார்.

இன்னொண்டு. ஸ்பிரிங்கை அசிட்டிலை ஊறப்போட்டுக் கறள் எடுக்கிற ஆக்கள் இருக்கினம். ஹைட்ரஜன் உருக்குக்குள்ளை போய் அதை நொறுங்கப் பண்ணிப்போடும். செய்யாதேங்கோ.

லேத் மேடு, கோவை

முப்பது வருசமா போரிங் மெஷின் ஓட்டறேனுங்க. டீசல் பம்ப்செட் ஹெட்டு கொண்டு வர்றவங்களுக்கு ஒரு பழைய முறை சொல்றேன், காசு செலவில்லை. துருவைச் சுரண்டிட்டு மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிடுங்க. எடுத்து நல்லாத் துடைச்சுட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்ச்சு அரைமணி நேரம் வெச்சிருங்க. விரிசல் இருந்தா உள்ளே போன மண்ணெண்ணெய் கசிஞ்சு வெள்ளையில் ஈரக்கோடு போடும். வால்வு வந்து உட்காருற ரெண்டு சீட்டுக்கும் நடுவில்தான் முதல்ல பாருங்க. அங்கே கோடு வந்தா, மத்தது எவ்வளவு அழகா இருந்தாலும் நான் மெஷின்ல ஏத்தமாட்டேன்.

வேலூர்க்காரருக்கு ஒரு கேள்விங்க. உங்க பேரல் 60 தாண்டிருச்சுன்னு புதுப்பேட்டை வரைக்கும் போனீங்க. அதுக்குள்ளேயே லைனர்னு ஒரு புது உறையை இறக்கி 70 மில்லிக்குத் திரும்பக் கொண்டு வந்திருக்கலாமே? வெளியே நல்லாத்தானே இருந்தது?

வேலூர் புல்லட்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து லேத்தில் வேலை முடிஞ்சது. 20 போட்டதும் அடிப்பக்கக் குழி முக்கால்வாசி மறைஞ்சிருச்சு. மேல்பட்டையில் குண்டூசித் தலை மாதிரி மூணு பாக்கி. 'நடுவில் இருந்தா விட்டுடலாம், அதில் எண்ணெய் நிக்கும், அவ்வளவுதான். ரிங் திரும்புற இடத்தில் வேண்டாம்' என்றார் லேத் அண்ணன். 40க்குப் போனோம், கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ஹோனிங் கல்லால் உரசிக் குறுக்குக் கோடு எடுத்துக் கொடுத்துட்டார். ஆக, ஸ்டாண்டர்ட் சைஸ்னு வாங்கின பேரலுக்கு ஒரே நாளில் ரெண்டு படி போச்சு, இன்னும் மிச்சம் ஒண்ணே ஒண்ணு.

கோவை அண்ணன் கேட்டதுக்குப் பதில்: எனக்கு அது தோணவே இல்லை. பேரல் போச்சுன்னதும் வேற பேரல் தேடணும்னுதான் புத்தி போச்சு. பஸ் செலவு, பேரல், ரெண்டு போரிங், பிஸ்டன் எல்லாம் கூட்டினா லைனருக்கு ஆகியிருக்கிறதை விட அதிகம்தான். இதை மச்சான் படிக்கமாட்டான்னு நம்புறேன்.

மாமனாரோட பேரல் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் கிடக்கு. இன்னிக்குக் காலையில் பிரிச்சுப் பார்த்தேன். எண்ணெய் தடவாம வெச்சிருக்கேன், உள்ளே மஞ்சள் பூக்க ஆரம்பிச்சிருக்கு.