அகிரா (1988, ஜப்பானிய அனிமேஷன் படம்): கடைசி இருபது நிமிஷம் யாராவது விளக்குங்களேன்

கேள்வி: ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்து எழும்பும் அந்தப் பெரிய உருண்டைக்குள் வெறும் கண்ணாடிக் குடுவைதானே இருக்கு? அப்போ அகிரா எங்கே? அபார சக்தி வந்து கட்டுக்கடங்காமப் போற பையன் டெட்சுவோ செத்துட்டானா?

பதில் 1: குடுவையில் இருப்பதுதான் அகிரா. கதைப்படி 1988 ஜூலை 16 அன்று டோக்கியோவை அழித்த சிறுவன் அவன். ஆராய்ச்சிக்காக உடலைக் கூறுபோட்டு, உறைகுளிரில் வைத்திருக்காங்க. உடல் வீங்கி வெடிக்கிற டெட்சுவோவை அடக்க, மனோசக்தி உள்ள கிழட்டு முகக் குழந்தைகள் மூணு பேரும் அகிராவை எழுப்புறாங்க. குடுவை உடையுது, வெள்ளை ஒளி டெட்சுவோவை விழுங்குது. சாகலை, வேறொரு பிரபஞ்சம் பிறக்குது. கடைசியில் "நான் டெட்சுவோ" என்று கேட்கும் குரல் அதுக்குத்தான்.

பதில் 2: குழப்பத்துக்கு மூல காரணம் வேற. படத்தை இயக்கின ஒடோமோவே வரைஞ்ச மூல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1982-ல் தொடங்கி 1990-ல்தான் முடிஞ்சது. படம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஆறு தொகுதியை 124 நிமிஷத்தில் திணிச்சா இப்படித்தான். மங்காவில் அகிரா உயிரோடவே வர்றான். அங்கே முக்கியப் பாத்திரமான மியாகோ, படத்தில் தெருவில் கத்துற சாமியார் மட்டும்!

பதில் 3: மறுபடி பார்க்கிறதா இருந்தா ஜப்பானிய ஒலியிலேயே பாருங்க. வசனத்தை முதலில் பதிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி வாயசைவை வரைஞ்சாங்க. டப்பிங்கில் அது ஒட்டாது.