மாதாமாதம் வரும் வேலை தேதி நழுவுகிறது, எங்கே தப்பு?

பிறை பெண்:
வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கும் சம்பளமும் பார்க்கிறேன். ஆட்கள் 23 பேர், அதில் 6 பேர் சுங்கை பட்டாணி கிளையில். முன்பெல்லாம் சுவர் நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்போம். போன வருடம் முதலாளி ஒரு டாஸ்க் சாப்ட்வேர் வாங்கினார், எல்லா வேலையையும் நான்தான் அதில் ஏற்றினேன்.

இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) கட்டும் வேலையை மாதம் ஒருமுறை என்று வைத்திருந்தேன். சில மாதம் ஒழுங்காக வந்தது. ஒரு மாதம் 13ஆம் தேதி பணம் கட்டிவிட்டு, டிக் போட மறந்து ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து 19ஆம் தேதிதான் போட்டேன். அடுத்த மாதம் அந்த வேலை 19ஆம் தேதிதான் கண்ணில் பட்டது. கெடு தேதியான 15 தாண்டிவிட்டது, தாமதக் கட்டணமும் கட்டினோம். தொகை பெரிதில்லை. ஆனால் லோரி ஓட்டுகிறவர்களின் சேமிப்புப் பணம் அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்ட்வேரில் கோளாறா, நான் வைத்த விதம் தப்பா? பேசாமல் நாட்காட்டிக்கே திரும்பிவிடலாமா?

செந்தூல் அக்கா:
தங்கச்சி, திரும்ப வேண்டாம். நானும் 14 வருடமாகச் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இதே குழியில் விழுந்து எழுந்தவள்தான்.

திரும்பத் திரும்ப வரும் வேலை இரண்டு விதம். ஒன்று தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று நீங்கள் முடித்த நாளிலிருந்து எண்ணும். லோரிக்கு எண்ணெய் மாற்றுவதற்கு இரண்டாவதுதான் சரி, மாற்றிய நாளிலிருந்துதானே அடுத்ததை எண்ண வேண்டும்? ஆனால் இபிஎப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பிசிபி (சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரி) எல்லாவற்றுக்கும் அடுத்த மாதம் 15தான் கெடு. நீங்கள் என்றைக்கு டிக் போட்டாலும் அது நகராது. உங்கள் சாப்ட்வேர் முடித்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறது. டோடோயிஸ்ட் என்ற டாஸ்க் சாப்ட்வேரில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறிதான் வித்தியாசம்: 'எவ்ரி' என்பதை ஒட்டி அதைப் போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும், போடாவிட்டால் தேதியைப் பிடிக்கும். உங்களுடையதிலும் எங்காவது இந்தத் தேர்வு இருக்கும், தேடுங்கள்.

அப்புறம், 15ஐ வேலை நாளாகவே வைக்காதீர்கள். 2026இல் பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்று மாதமும் 15ஆம் தேதி ஞாயிறு. ஆகஸ்டில் சனி. நான் எக்செலில் வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டு, அந்தத் தேதிகளை ஏற்றுகிறேன். வொர்க்டே ஃபார்முலாவில் 16ஆம் தேதியைக் கொடுத்து, மைனஸ் 1 போட்டு, விடுமுறைப் பட்டியலைக் காட்டினால், 15 அல்லது அதற்கு முந்தின வேலை நாள் கிடைக்கும். மைனஸ் 3 போட்டால் வேலையைத் தொடங்கும் நாள். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கோலாலம்பூரில் எங்களுக்கு பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், பினாங்கில் உங்களுக்கு ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம்.

சுங்கை பட்டாணியை மறக்காதீர்கள். அது கெடா மாநிலம். கெடாவில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஓவர்டைம் சீட்டு கேட்கும் வேலை வெள்ளிக்கிழமை விழுந்தால் அங்கே எடுத்து அனுப்ப ஆள் இருக்காது. அந்தக் கிளைக்கு மட்டும் வொர்க்டே இன்டர்நேஷனல் ஃபார்முலாவில் வார விடுமுறைக்கு 7 என்று கொடுங்கள்.

இன்னொன்று, இது மனசார சொல்கிறேன்: பணம் கட்டுவதும் ரசீதைக் கோப்பில் வைப்பதும் ஒரே வேலையாக இருக்கக் கூடாது. இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை வேறொருவர் பெயரில் போடுங்கள். நீங்கள் ஊருக்குப் போனாலும் ஒரு கண் அதன் மேல் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அக்கா சொன்னதோடு, எஸ்எஸ்டியையும் (விற்பனை, சேவை வரி) ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு அறிக்கை, அடுத்த மாதத்தின் கடைசி நாள் கெடு. 31 என்று எண்ணாகப் போட்டிருந்தால் 30 நாள் மாதத்தைச் சில சாப்ட்வேர் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 'மாதத்தின் கடைசி நாள்' என்ற தேர்வைத்தான் எடுக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
நேர மண்டலத்தையும் பாருங்கள். நம் நேரம் யுடிசியை (உலகப் பொது நேரம்) விட 8 மணி முன்னே. சாப்ட்வேர் யுடிசியில் இருந்தால், நம் 1ஆம் தேதி காலை 6 மணி அதற்கு முந்தின மாதத்தின் கடைசி நாள் இரவு 10 மணி.

பிறை பெண்:
அக்கா, 'முடித்த பிறகு' என்ற பெட்டியில் டிக் இருந்தது, எடுத்துவிட்டேன். ஆகஸ்டுக்கு 12 புதன் தொடக்கம், 14 வெள்ளி கெடு என்று வந்திருக்கிறது. ரசீது வேலையைக் கிடங்கு மேற்பார்வையாளர் அண்ணன் ஏற்றுக்கொண்டார். நேர மண்டலம் கோலாலம்பூர் என்றே இருக்கிறது, தம்பிக்கு நன்றி.

ஆனால் பிரிக்பீல்ட்ஸ்காரர் சொன்னதைப் பார்த்தபோதுதான் நெஞ்சு படபடத்தது. எஸ்எஸ்டியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 31 என்றுதான் நான் போட்டிருந்தேன். ஜூலை 31க்குப் பிறகு அடுத்தது ஜனவரி 31 என்று நிற்கிறது. செப்டம்பர் 30, நவம்பர் 30 இரண்டும் அதில் இல்லவே இல்லை. இப்போதே மாற்றிவிட்டேன்.