ஷார்த்ர் பேராலயம்: பார்த்துவிட்டு வந்தும் மனதை விடாத ஒன்று

நீலக்கண்ணாடி:

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறுவது, ஷார்த்ரில் இறங்கியதும் எதிரே தெரியும் இரண்டு கோபுரம், பத்து நிமிட நடை. இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தெற்குக் குறுக்குக்கூடத்திலிருந்து (சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கை) பலிபீடத்தைச் சுற்றும் வழிக்குள் நுழைந்தால் வலக்கைப் பக்கம் 'பெல் வெரியேர்' (அழகிய கண்ணாடி) என்ற வண்ணக்கண்ணாடி ஜன்னலில் மரியன்னை. சிவப்புப் பின்னணி, நீல உடை, மடியில் குழந்தை. அந்த நடுப்பகுதி 1180 வாக்கில் செய்தது. 1194 ஜூன் 10 தீயில் பழைய ஆலயம் போனபோது இது தப்பியது. சுற்றிலும் இருக்கும் தேவதூதர்கள், கீழே கானாவூர்க் கல்யாணம், இயேசுவைச் சாத்தான் சோதிக்கும் காட்சிகள் எல்லாம் புது ஆலயம் எழும்பியபோது சேர்த்தவை.

அடியில் நின்று அண்ணாந்தால் இரண்டு காலமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று கண்ணுக்கே தெரிகிறது. நடுவில் இருக்கும் நீலம் தெளிந்து நிற்கிறது, சுற்றியுள்ள நீலம் அடர்ந்து கனத்துக் கிடக்கிறது. வெறும் ரசனை வேறுபாடு இல்லை இது. 12-ஆம் நூற்றாண்டின் அந்த நீலக் கண்ணாடியில் சோடா அதிகம். பின்னால் வந்தவர்கள் மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் பொட்டாஷைப் போட்டு உருக்கினார்கள். பொட்டாஷ் கண்ணாடியை மழையும் ஈரமும் அரிக்கும். வெளிப்புறம் குழிகுழியாகி ஒளி உள்ளே வருவது குறையும். சோடா கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் அரிபடாது. நீலத்தை நீலமாக்குவது இரண்டிலும் கோபால்ட்தான்.

அதே பழைய நீலத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமா, மேற்கு வாசலுக்கு மேலே இருக்கும் மூன்று நீள ஜன்னல்களுக்குப் போங்கள். அவை 1150 வாக்கிலானவை. மேற்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் இயேசுவின் முன்னோரான ஈசாயின் வம்ச மரம், நடுவில் இயேசுவின் பிறப்பும் இளமையும், இடப்பக்கம் அவர் சிலுவையில் பட்ட பாடுகள். மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போங்கள். வெயில் நேராக அடித்தால் கண் கூசி, உருவங்கள் கரைந்துவிடும்.

லாசப்பல்வாசி:

மேகமூட்டம் எண்டு சொல்றதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கோடு கோடாப் படிக்கத்தான் மேகம் நல்லம். வெயில் திடீரெண்டு வந்து தெற்கு யன்னலுக்குள்ளால விழேக்க எதிர்த் தூணில சிவப்பும் நீலமும் ஊர்ந்து போற அந்த ஒரு நிமிசத்தை மேகநாளில எங்க தேடுறது? எனக்கு நிண்டுபோனது அதுதான்.

இனிப் போறவைக்குச் சில விசயம். பாரிசில எடுக்கிற நவிகோ பயணப் பாஸ் ஷார்த்ர் வரைக்கும் செல்லாது. அது பாரிசைச் சுத்தின இல்-து-ஃப்ரான்ஸ் பிரதேசத்துக்கு மட்டும்தான், ரம்பூயே தாண்டினால் வேற பிரதேசம். பாஸ் இருக்குத்தானே எண்டு ஏறிப்போய்க் கணிசமான தண்டம் கட்டின ஆக்கள் எக்கச்சக்கம். மோன்பர்னாஸில இருந்து டெர் எண்ட பிரதேச ரெயின் எடுக்கவேணும், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. வெர்சாய் ஷான்தியே நிலையத்திலயும் நிக்கும், தெற்குப் பக்கப் புறநகரில இருக்கிறவை அங்க ஏறினால் பாரிசுக்குள்ள போகத் தேவையில்லை. ஞாயிறு காலமை 11 மணிப் பூசை நேரத்தில உள்ள சுத்திப் பாக்கேலாது. பூசைக்கெண்டு போறது வேற, அப்பிடிப் போனால் ஓர்கன் சத்தத்தோட அந்த யன்னல்களைப் பாக்கிற பாக்கியம் கிடைக்கும். உள்ளுக்குப் போகக் காசு இல்லை. கோபுரத்துக்கும் நிலவறைக்கும்தான் ரிக்கற்.

பீட்டர்ராஜ்_புதுவை:

பழுதுபார்க்கிறோம் என்று ஆலயத்தின் உள்சுவர்களை வெள்ளையடித்துக் கெடுத்துவிட்டார்கள். கருங்குகைக்குள் மாணிக்கம் போல எரிந்த ஜன்னல்கள் இப்போது வெளிறிய சுவரில் மாட்டிய படங்களாகத் தெரிகின்றன. அதைவிட மனதை உறுத்துவது வடக்குச் சுற்றுவழியில் இருக்கும் 'தூண் அன்னை'. கறுப்பு மாதா என்று தலைமுறை தலைமுறையாக மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் இப்போது வந்தால் ரோஜா நிறக் கன்னத்தோடு வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறாள்.

சுண்ணாம்புக்காரை:

பீட்டர் அண்ணா, அந்தச் சுவர் இன்றைய பெயின்ட் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தபோதே கல்லின்மேல் இளமஞ்சள் சாயம் கலந்த சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வெள்ளைக் கோட்டில் கல் இணைப்புகள் போல வரைந்திருந்தார்கள். மெழுகுவர்த்திப் புகை, 1836-இல் கூரை எரிந்த புகை, பிற்கால வெப்பமூட்டிகளின் கரி என்று எல்லாம் சேர்ந்து படிந்ததைத்தான் நாம் 'கருங்குகை' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2009-இல் பெரிய அளவில் தொடங்கிய வேலையில் கரியை எடுத்தபோது பழைய பூச்சு பெரும்பகுதி அடியில் அப்படியே இருந்தது. போன இடங்களில் மட்டும் புதுச் சுண்ணாம்பு.

நேரில் சோதிக்க வழி இருக்கிறது. பக்கவழித் தூண் ஒன்றின் அருகே, சுவரை ஒட்டினாற்போல் நின்று, பக்கவாட்டில் பாருங்கள். உண்மையான கல் இணைப்பு லேசாக மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். வெள்ளைக் கோடு அதன்மேல் ஓடாமல் தன் போக்கில் ஒரே அளவான கட்டங்களாக ஓடும். கட்டியவர்களுக்குத் தங்கள் கல்லைக் காட்டுவதைவிட ஒழுங்கான ஒரு கல்லைக் காட்டுவதுதான் வேண்டியிருந்தது.

உங்கள் குறையில் பாதி நியாயம் என்பதையும் சொல்கிறேன். சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கண் பாவை சுருங்குகிறது. ஜன்னலுக்கும் சுவருக்கும் இருந்த வித்தியாசம் குறைகிறது. புதிதாக நிரப்பிய பகுதி பழையதைவிடச் சீராக இருப்பதும் கண்ணுக்கு உறுத்தும். ஆனால் ஜன்னல்களையும் அதே காலத்தில் துடைத்திருக்கிறார்கள், வெளியே பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதனால் உள்ளே வரும் ஒளியும் கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அன்னை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சிற்பம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கறுப்பு பிறகு ஏறியது என்பது சரிதான். ஆனாலும் மக்கள் கும்பிட்டது அந்தக் கறுப்பு முகத்தை. வழிபாட்டில் இருக்கும் உருவத்தை அருங்காட்சியகப் பொருள் போல நடத்தக்கூடாது.

கல்தச்சன்:

எல்லாரும் உள்ளேயே நிற்கிறீர்கள். மேற்கு ராஜவாசலில் வலப்பக்க வாயிலுக்கு மேலே வளைவுகளை யாரும் பார்க்கவில்லையா? இடைக்காலப் பள்ளிகளில் கற்பித்த ஏழு கலைகளும் பெண்களாக அமர்ந்திருக்கிறார்கள். இலக்கணம் என்பவள் கையில் பிரம்பு. காலடியில் இரண்டு பையன்கள். ஒருவன் ஒழுங்காகப் படிக்கிறான், மற்றவன் அவன் முடியைப் பிடித்து இழுக்கிறான். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியது அது. இசை என்பவள் தொங்கும் மணிகளைத் தட்டிக்கொண்டிருக்க, அவளுக்குக் கீழே பிதாகரஸ் மடியில் பலகையை வைத்துக் குனிந்து எழுதுகிறார். இந்த ஊரில் 11-ஆம் நூற்றாண்டின் ஃபுல்பெர் ஆயர் காலம் தொட்டு நடந்த பள்ளியின் பெருமை அது. ராசிகளும் மாதங்களும் இடப்பக்க வாயில் வளைவில். மீனமும் மிதுனமும் மட்டும் அங்கே இடம் போதாமல் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டன. தேடிப் பாருங்கள்.

வடக்கு முகப்பையும் விடாதீர்கள். கடவுள் ஆதாமைப் படைக்கும் சிற்பத்தில் ஆதாமின் தலை கடவுளின் மடியில் சாய்ந்திருக்கும். இரண்டு முகமும் ஒரே சாயல்.

வெள்ளிக்கிழமை:

ஆலயத் தரையில் கல்லால் பதித்த வட்டச் சுழல்பாதை. சனிக்கிழமை போய் அதன்மேல் வரிசை வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து கருங்கோட்டைத் தேடும் முகங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கி அக்டோபர் கடைசி வரை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நாற்காலிகளை எடுப்பார்கள், பொதுவாகக் காலை 10 முதல் மாலை 5 வரை. ஆலய நிகழ்ச்சி ஏதாவது வந்தால் அதுவும் மாறும், எனவே முந்தின நாள் ஆலய இணையதளத்தைப் பாருங்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திங்களன்று பாரிசிலிருந்து 100 கிலோமீட்டர் போல நடந்துவரும் யாத்திரைக் கூட்டம் ஊரை நிறைத்துவிடும். அமைதி வேண்டுபவர்கள் அந்த வாரக் கடைசியைத் தவிர்க்கலாம்.

குறுக்களவு 12.9 மீட்டர், பாதையின் நீளம் 261.5 மீட்டர், 11 சுற்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது. வழி ஒன்றே ஒன்றுதான், முட்டுச்சந்து கிடையாது, ஆகவே தொலைந்துபோக முடியாது. நுழைவு மேற்குப் பக்கம். பாதை சுமார் 34 சென்டிமீட்டர்தான் அகலம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் உள்ளே போகிறவர் நிற்க, திரும்புகிறவர் ஒரு எட்டு வெளியே வைத்துக் கடந்து மறுபடி அதே தடத்துக்கு வர வேண்டும். அங்கேதான் பலர் பக்கத்துத் தடத்தில் காலை வைத்துவிட்டு, நடுவுக்குப் பதில் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். அதனால் விலகும்போது எந்தக் காலை எடுத்தீர்களோ அதே காலால் திரும்புங்கள், மற்றக் கால் தடத்திலேயே இருக்கட்டும். நிதானமாக நடந்தால் உள்ளே போகவே இருபது நிமிடம் ஆகும். நடுவில் ஆறிதழ்ப் பூ, அதற்குள் ஆணித் தடங்கள். அங்கே இருந்த உலோகத் தகட்டை 1792-இல் புரட்சிக் காலத்தில் உருக்க எடுத்துப்போனார்கள்.

மேற்குச் சுவரை அப்படியே மடித்துப் படுக்கவைத்தால் அதிலுள்ள வட்டமான ரோஜா ஜன்னல் இந்தச் சுழலின்மேல் அச்சாக உட்காரும் என்று எல்லா வழிகாட்டிக் குறிப்பிலும் இருக்கிறது. கிட்டத்தட்டத்தான் வரும், அச்சாக வராது. ஜன்னல் சுழலைவிடச் சிறியது.

அப்படியே தரையையும் கவனியுங்கள். மேற்கு வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். யாத்திரிகர்கள் இரவு உள்ளேயே படுத்திருந்த காலத்தில் காலையில் கழுவிவிட வசதியாக என்பார்கள்.

ஒளிப்பேழை:

தெற்குக் குறுக்குக்கூடத்தின் மேற்கு ஓரத்தில் மற்றக் கற்களுக்குக் குறுக்காகப் பதித்த ஒரு வெளிர்க்கல், அதில் ஓர் உலோக ஆணி. புனித அப்போலினாரிஸ் ஜன்னலில் விட்டிருக்கும் சிறு வெள்ளைத் துளை வழியே கோடை நெடும்பகல் நாளில், ஜூன் 21-ஐ ஒட்டி, உச்சிவெயில் அந்த ஆணியில் வந்து விழும். 1701-இல் செய்த ஏற்பாடு. உச்சிவெயில் என்பதைக் கடிகாரத்தின் 12 மணி என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் காத்திருப்புதான். கோடைநேரக் கணக்கில் அது 2 மணிக்குச் சற்று முன்.

படம் எடுப்பவர்களுக்கு: வெள்ளைச் சமநிலையைத் (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். கேமரா இவ்வளவு நீலத்தைப் 'பிழை' என்று எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கலந்துவிடும். 5200 முதல் 5500 கெல்வினில் பூட்டுங்கள். ஒளி அளவைப் புள்ளி முறையில் (ஸ்பாட் மீட்டரிங்) ஜன்னலின் நடுத்தர நீலத்தில் எடுங்கள், முழுக் காட்சியில் எடுத்தால் சுவரின் இருளைச் சேர்த்துக் கண்ணாடியை வெளுக்கவைக்கும். அப்படித்தான் எடுக்க முடியும் என்றால் ஒளியை 1.5 ஸ்டாப் குறையுங்கள். படத்தில் சிவப்புத்தான் முதலில் அளவு மீறி விவரம் இழக்கும். பழைய சிவப்புக் கண்ணாடி முழுக் கனத்துக்கும் சிவப்பாக இருந்தால் கறுப்பாகத் தெரியும் என்பதால், தெளிந்த கண்ணாடிமேல் மெல்லிய சிவப்பு அடுக்காகத்தான் ஏற்றியிருப்பார்கள். அடுக்கு சீராக இல்லாததால் ஒரே துண்டுக்குள் கீற்றுக் கீற்றாக ஒளி மாறும். அந்தக் கீற்றுத் தெரிந்தால் படம் சரி.

தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். பையில் அடங்குகிறதே என்று 8×21 (8 மடங்கு, 21 மில்லிமீட்டர் முன்வில்லை) வாங்கினால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.6 மில்லிமீட்டர்தான், அந்த மங்கலில் போதாது. 8×32 என்றால் 4 மில்லிமீட்டர். 10 மடங்குக்குப் போனால் கை நடுக்கம் காட்டும்.

கீழூர்:

எனக்கு நின்றது ஏர் ஆற்றங்கரை. பேராலயத்தின் பின்புறத் தோட்டத்திலிருந்து படி இறங்கினால் கல் பாலங்கள், பழைய துணி துவைக்கும் கூடங்கள், தோல் பதனிட்டவர்கள் தெரு. கூட்டம் மேலேயே நின்றுவிடுகிறது. அங்கே புனித பேதுரு ஆலயத்தில் 14-ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் வரிசையாக இருக்கின்றன, தனியாக நின்று பார்க்கலாம்.

ஊர்க் கட்டடங்கள்மேல் காட்டும் இரவு ஒளிக்காட்சிக்கு ஜூனில் ஒருநாள் பயணமாக வருவது வீண். இருட்டவே பத்தரை ஆகும், அதற்குள் பாரிசுக்குக் கடைசி ரயில் கிளம்பிவிடக்கூடும். செப்டம்பரில் எட்டரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். இல்லாவிட்டால் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

நீலக்கண்ணாடி:

லாசப்பல்வாசி சொன்ன அந்தத் தூண் வெளிச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் வண்ணம் மட்டும்தான் கிடைக்கும், கதை கிடைக்காது. நல்ல சமாரியன் ஜன்னலை வெயிலில் வாசிக்க முயன்று பாருங்கள். தென்புறப் பக்கவழியில் இருக்கிறது. அடியில் செருப்புத் தைப்பவர்களின் படம், அங்கிருந்து கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக. கீழ்ப்பாதியில் அடிபட்டவனின் கதை, மேற்பாதியில் ஆதாம் ஏவாள். இரண்டையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்பது கட்டம் கட்டமாகப் போனால்தான் பிடிபடும், ஏதேன் தோட்டத்திலிருந்து விழுந்த மனிதனே வழியில் அடிபட்டுக் கிடப்பவன் என்று. 1939-இல் போர் மூண்ட வேளையில் இந்த ஜன்னல்களைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் கட்டிப் பிறகு தெற்கே அனுப்பிப் பாதுகாத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னலையாவது முழுதாக வாசிக்காமல் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை.

வெயில் நாளில் மாட்டிக்கொண்டால் வரிசையை இப்படி வையுங்கள்: காலையில் வடபுறப் பக்கவழி, அங்கே நேர்வெயில் விழாது, தச்சர்கள் இருக்கும் நோவா ஜன்னலை நிதானமாக வாசிக்கலாம். நண்பகலில் வெளியே வந்து வாசல் சிற்பங்கள், ஆற்றங்கரையில் இருக்கும் கீழூர்ப் பகுதி. தெற்கு ஜன்னல்களில் மேகம் மறைக்கும் போதெல்லாம் ஓடிப்போய்ப் பாருங்கள். மேற்கு மூன்றையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள், பிற்பகலில் வெயில் அவற்றில் நேராக அடிக்கும். ரயில் நிலையமும் மேற்குப் பக்கம்தான், எல்லாம் பார்த்து முடித்ததும் ராஜவாசல் வழியே நேராக இறங்கிவிடலாம்.