மேடிசனிலேயே தங்கிவிட்ட புரோ ஆர்ட்டே குவார்டெட்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே மில்ஸ் ஹாலில் இந்த நால்வர் குழுவைக் கேட்டேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ சேர்ந்த குழுதான் குவார்டெட்; அதற்காக எழுதிய படைப்புக்கும் அதே பெயர்தான். அனுமதி இலவசம் என்பதால் சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். அன்று ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 4ஆவது குவார்டெட். 1928இல் எழுதி, இந்தக் குழுவுக்கே அவர் சமர்ப்பணம் செய்தது. அதன் நாலாவது பகுதியில் நால்வருக்கும் வில்லே தேவையில்லை, முழுக்க விரலால் மீட்டல்தான். சில இடங்களில் தந்தியை இழுத்து விட்டால் படீரென்று பலகையில் போய் அறைகிறது. செல்லோவின் தடித்த தந்தி அதிர்ந்து அடங்குவதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதல் உலகப் போருக்கு முன்பே பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரி மாணவர்கள் தொடங்கிய குழு. 1940 மே மாதம் பீத்தோவன் குவார்டெட்டுகளை வரிசையாக வாசிக்க மேடிசனுக்கு வந்திருக்கிறார்கள். மே 10 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்துவிட்டது. ஊர் திரும்ப வழியில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழகம் அவர்களைத் தன்னுடைய குழுவாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிரந்தரமாகத் தங்கி வாசித்த முதல் குவார்டெட் இதுதான்.

என்னைக் கேட்டால், குழு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணமே அந்த முடிவுதான். கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒருவர் போனதுமே கலைந்திருக்கும். இங்கே அது பாடம் நடத்தும் வேலையோடு சேர்ந்த பொறுப்பு. ஒருவர் விலகினால் அந்த நாற்காலிக்கு இன்னொருவர் வருகிறார், குழு தொடர்கிறது.

—

நீங்கள் சொல்வது சரிதான். முதல் வயலின் வாசித்த அல்ஃபோன்ஸ் ஓனூ 1940 நவம்பரிலேயே இறந்துவிட்டார். புது ஊரில் குழு காலூன்றவே இல்லை, அதற்குள் தலைவர் இல்லை. இருந்தும் குழு கலையவில்லை. வயோலா வாசித்த ஜெர்மான் பிரெவோ நண்பர் ஓனூ நினைவாக ஒரு படைப்பு வேண்டுமென்று இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியிடம் கேட்க, 1944இல் பிறந்ததுதான் தனி வயோலாவுக்கான ‘எலிஜி’ (இரங்கல் இசை). அதை ஒரு மாணவியின் கச்சேரியில் கேட்டேன். தொடக்கம் முதல் முடிவு வரை, ஒலியைத் தணிக்கும் மியூட் போட்டே வாசிக்க வேண்டும். ஒரே வயோலாவில் இரண்டு குரல்கள் மாறி மாறிப் பேசுவது போல இருந்தது. யாருக்காக எழுதியது என்று தெரிந்து கேட்டதால் கண் கலங்கிவிட்டது.

—

நான் நேரில் கேட்டதில்லை. 1930களில் ஹெச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்த, இசையமைப்பாளர் ஹைடனின் குவார்டெட் இசைத்தட்டுகளின் மறுவெளியீடு என்னிடம் இருக்கிறது. இரைச்சலைப் பொருட்படுத்தாமல் கேளுங்கள், மெதுவான பகுதிகளில் நால்வரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள். 1944 முதல் 1967 வரை தலைமை வகித்த ருடால்ஃப் கோலிஷ் சிறுவயதில் இடதுகை விரலில் அடிபட்டதால் வில்லை இடதுகையில் பிடித்து வாசித்தவர். அவர் காலத்தில் மேடிசனில் பதிவானது எதையாவது கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா?