8 வாட் வால்வு ஆம்புக்கு 15 இன்ச் வூஃபர் + ஹார்ன் பெட்டி, எத்தன லிட்டர் வைக்கறது?

வால்வுவெளிச்சம்:

ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருக்கற ஆளு நான், இதான் முதல் கேள்வி. 300பி வால்வு போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் ஒண்ணு கைல இருக்கு, சேனலுக்கு 8 வாட், அவ்ளோதான். இப்ப அதுல ஓடறது 87 டிபி சென்சிடிவிட்டி (1 வாட் குடுத்தா 1 மீட்டர்ல வர்ற சத்தம்) உள்ள சின்ன ஸ்பீக்கர். குரல், வயலின் எல்லாம் அவ்ளோ அருமையா இருக்கு, ஆனா ட்ரம்ஸ் வர்ற இடத்துல கொஞ்சம் வால்யூம் ஏத்தினா போதும், ஆம்ப் மூச்சு வாங்குது.

அதனால பெருசா கட்டிடலாம்னு முடிவு பண்ணி 15 இன்ச் பிஏ வூஃபர் (மேடை சவுண்டுக்கு பண்ணின பேஸ் ஸ்பீக்கர்) பாத்து வச்சிருக்கேன். 97 டிபி, எஃப்எஸ் (கோன் தானா அதிர்ற ஃப்ரீக்வென்சி) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்ளோ அடங்குதுங்கற நம்பர்) 0.31, விஏஎஸ் (கோன் சஸ்பென்ஷனோட இழுவைக்கு சமமான காத்து அளவு) 175 லிட்டர். மேல ட்ரெபிளுக்கு ஹார்ன்ல 1 இன்ச் கம்ப்ரெஷன் டிரைவர். மர வேலை நல்லா வரும், சால்டரிங்கும் ஓகே. குழப்பம் எங்கன்னா பெட்டி எத்தன லிட்டர்னு கேட்டா ஒருத்தர் 90ங்கறார் இன்னொருத்தர் 200ங்கறார், எதை நம்பறது? டிரைவர் டேட்டாஷீட்ல 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு கீழ போகாதன்னு போட்டிருக்கு, கிராஸ்ஓவர் (வூஃபர்ல இருந்து ஹார்னுக்கு மாத்தற இடம்) அங்கயே வச்சிடலாமா? ரூம் 4க்கு 5 மீட்டர், உக்கார்றது 3 மீட்டர் தள்ளி. 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் பேஸ் இறங்குமா, இல்ல பேஸுக்கும் ஹார்னே போட்டுடலாமா?

மரத்தூள்:

முதல்ல நல்ல சேதி. 87ல இருந்து 97க்கு போறது 10 டிபி, அதாவது 10 மடங்கு பவர். உங்க 8 வாட் இப்ப இருக்கற ஸ்பீக்கர்ல 80 வாட் போட்ட மாதிரி கேக்கும். இன்னொரு கணக்குல பாத்தா 87 டிபி ஸ்பீக்கர் வாங்கற கரண்ட்ல சத்தமா மாத்தறது வெறும் 0.3 சதவீதம், மீதி பூரா வாய்ஸ் காயில்ல சூடா போகுது. 97 டிபினா 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. அதையே நாம ஹை எஃபிஷியன்சினு பெருமையா சொல்லிக்கறோம் 😄

30 ஹெர்ட்ஸ் மறந்துடுங்க ப்ரோ. கேஎல்எச் ஸ்பீக்கர் கம்பெனில எச்சுக்கு சொந்தக்காரர் ஹாஃப்மன், அவர் பேர்ல ஒரு இரும்பு விதி இருக்கு: எஃபிஷியன்சி, பேஸ் ஆழம், சின்ன பெட்டி மூணுல ரெண்டுதான் கிடைக்கும். இதுல பேஸ் மூணாவது அடுக்குல வருது, அதான் வில்லங்கமே. எஃபிஷியன்சிய விடாம 50 ஹெர்ட்ஸ்ல இருந்து 40க்கு இறங்கணும்னாலே பெட்டி ரெண்டு மடங்கு ஆகணும், 25க்கு இறங்கணும்னா எட்டு மடங்கு. உங்க வூஃபர் நம்பர குழாய் வச்ச பெட்டிக்கான வழக்கமான அலைன்மென்ட்ல (ஃபார்முலால) போட்டா 90 லிட்டர் சொச்சம், குழாயோட ட்யூனிங் 48 ஹெர்ட்ஸ் பக்கம், பேஸ் 3 டிபி குறையற இடம் 53 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதுக்கு கீழ வேணும்னா தனியா சப்வூஃபர் போட்டு அதுக்கு ஒரு ட்ரான்சிஸ்டர் ஆம்ப் குடுத்துடுங்க, வால்வ நிம்மதியா விடுங்க.

பேஸ் ஹார்ன்? 40 ஹெர்ட்ஸ் அலைநீளம் எட்டரை மீட்டர். ஹார்ன் வாயோட சுற்றளவு அந்த அளவு இருக்கணும்னா வெட்டவெளில வாய் பரப்பு கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். ரூம் மூலைல வச்சா எட்டுல ஒரு பங்கு, முக்கால் சதுர மீட்டர் போதும், பால் கிளிப்ஷ் 1940கள்ல கிளிப்ஷ்ஹார்ன மூலைக்குன்னே மடிச்சு பண்ணினது இதுக்குதான். ரெண்டு மூலையும் உங்களுக்கு காலியா இருந்தா பேசலாம்.

கிராஃப்பைத்தியம்:

மரத்தூள் அண்ணன் சொன்னது சரி, ஆனா இந்த பெட்டி நல்லா கேக்குமா கேக்காதான்னு முடிவு பண்ணப்போறது லிட்டர் இல்ல, கிராஸ்ஓவர் எங்க வைக்கறீங்கங்கறதுதான். 15 இன்ச் கோன்ல நெஜமா அசையற விட்டம் 33 செமீ பக்கம், 1 கிலோஹெர்ட்ஸ் அலைநீளமும் ஏறக்குறைய அதே. அந்த ஏரியாவுல வூஃபரோட பரவல் 90 டிகிரி பக்கம் வந்துடும், அதுக்கு மேல டார்ச்லைட் மாதிரி குறுகிட்டே போகும். 90 டிகிரி ஹார்ன எடுத்து 1.6ல மாத்தினா வூஃபர் குறுகி முடிச்ச இடத்துல ஹார்ன் திடீர்னு அகலமா விரியும், நேரா அளந்தா கிராஃப் ஃப்ளாட்டா இருக்கும், ஆனா சுவர்ல பட்டு வர்ற சத்தம் அந்த இடத்துல ஒரு குதி குதிக்கும், "ஹார்ன் சத்தம் கத்துது"னு நிறைய பேர் சொல்றதுல பாதி இதுதான். 1.1 பக்கம் கொண்டு வாங்க.

டேட்டாஷீட் 1.6 சொல்றது மேடைல முழு பவர் அடிக்கறவங்களுக்கு. ஹார்ன்ல மாட்டின டிரைவர் 108 டிபி வரும், வூஃபர் 1 வாட்ல குடுக்கற சத்தத்த அது 0.1 வாட்டுக்கும் குறைவா வாங்கி குடுத்துடும். 24 டிபி ஸ்லோப் (கிராஸ்ஓவருக்கு கீழ ஆக்டேவுக்கு 24 டிபி வெட்டறது) வச்சா 1.1ல ஒண்ணும் ஆகாது, ஆனா ஹார்ன் அதுக்கு ஏத்த அளவு பெருசா இருக்கணும், அத மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. கணக்குப்படி 1 கிலோஹெர்ட்ஸ்ல 90 டிகிரிய பிடிச்சு வைக்க 28 செமீ அகலம் போதும், நடைமுறைல 40 செமீ இருந்தாதான் எனக்கு திருப்தி.

இன்னொண்ணு, வூஃபர், ஹார்ன் ரெண்டோட சென்டருக்கும் நடுவுல எப்படியும் 38 செமீ வந்துடும். 1.1ல மேலயும் கீழயும் 24 டிகிரில ஒரு பள்ளம் விழும். 3 மீட்டர்ல எழுந்து நின்னா 11 டிகிரிதான், தப்பிச்சீங்க. ஒன்றரை மீட்டர்ல எழுந்தா 22, பள்ளத்துக்குள்ளயே நிப்பீங்க. உங்க ரூம் தூரம் ஓகே.

வால்வுவெளிச்சம்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், 30 ஹெர்ட்ஸ் ஆசைய விட்டுட்டேன், மூலை ஹார்னும் வேணாம் ஒரு மூலைல கதவு இருக்கு. ஆனா 90 லிட்டர்னா அப்ப 200 சொன்னவர் சும்மா அடிச்சு விட்டாரா? அவரும் வால்வு ஆம்ப் வச்சிருக்கறவர்தான்.

பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்:

தம்பி, அவர் சொன்னதுல அர்த்தம் இருக்கு. மரத்தூள் போட்ட கணக்கு ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கு, அதுல அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்போட உள் தடை) பூஜ்யம்னே வச்சுக்கலாம். ஃபீட்பேக் இல்லாத 300பி ஆம்ப்ல 2ல இருந்து 3 ஓம் வரைக்கும் இருக்கும். அது வூஃபரோட சீரியஸ்ல போய் உக்காந்துக்கும். 8 ஓம் வூஃபர்னா காயில் டிசி ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் பக்கம்தான், அதோட இரண்டரை ஓம் சேந்தா க்யூஇஎஸ் (க்யூடிஎஸ்ல மின்சாரத்தோட பங்கு) ஒன்றரை மடங்கு ஏறும், உங்க 0.31 க்யூடிஎஸ் 0.45க்கு போய்டும். இப்ப அதே வூஃபர் வேற வூஃபர், 90 லிட்டர்ல போட்டா 60 ஹெர்ட்ஸ் பக்கம் தொம்தொம்னு ஒரு மேடு நிக்கும், பெரிய பெட்டி கேக்கும், பேஸும் இன்னும் ஆழமா இறங்கும். மேக்னெட் பலமா இருக்கற பிஏ வூஃபரும் வால்வும் ஜோடி சேர்றது இதனாலதான், ட்ரான்சிஸ்டர்ல வறண்டு கேக்கறது இதுல உடம்பு போட்டு கேக்கும்.

நானா இருந்தா 150 லிட்டர், 38 ஹெர்ட்ஸ் ட்யூனிங். 10 செமீ உள்விட்டத்துல ரெண்டு குழாய், ஒவ்வொண்ணும் 14, 15 செமீ நீளம் வரும். லேசா ஒரு மேடு இருக்கும்தான், ஆனா 97ங்கறதே அரைவெளில (பெரிய சுவர்ல பதிச்ச மாதிரி) அளந்த நம்பர், பேஃபிள் (பெட்டியோட முன் பலகை) அகலம் 50 செமீனா 230 ஹெர்ட்ஸுக்கு கீழ பெட்டிய சுத்தி சத்தம் பின்னாடி போய் பேஸ் இளைக்கும், மேடு அத ஓரளவு ஈடுகட்டிடும். ஹார்ன்ரெஸ்ப், வின்ஐஎஸ்டினு பெட்டி கணக்கு போடற சாஃப்ட்வேர் ரெண்டுலயும் சீரியஸ் ரெசிஸ்டன்ஸ் போட இடம் இருக்கு, ஆம்ப் ஓம், கிராஸ்ஓவர் காயில் ஓம் ரெண்டையும் கூட்டி போட்டு பாருங்க. வூஃபர் லைன்ல வர்ற காயில் தடியான கம்பில சுத்தினதா இருக்கட்டும், ஒல்லி காயில்ல அரை ஓம் சர்வசாதாரணமா போகும்.

மரத்தூள்:

ஓ 300பினு கேள்விலயே இருக்கு, சரி அப்ப 150. 18 மிமீ பிர்ச் பிளைவுட், உள்ள ஜன்னல் மாதிரி வெட்டின பிரேஸ் ரெண்டு, நட்ட நடுவுல வேணாம் கொஞ்சம் தள்ளி. எம்டிஎஃப்னா மாஸ்க் இல்லாம ரம்பம் தொடாதீங்க, அந்த தூசி நல்லதில்ல.

வால்வுவெளிச்சம்:

அண்ணே சூப்பர், இப்பதான் ரெண்டு நம்பரும் ஏன் சரின்னு புரியுது. கடைசியா ஒண்ணு, 108ஐ 97க்கு எப்படி இறக்கறது? எல்பேட் (ரெண்டு ரெசிஸ்டர் வச்சு சத்தத்த குறைக்கறது) போட்டா ட்ரெபிள் மங்கிடும்னு சொல்றாங்களே. இல்ல டிஎஸ்பி வச்சு ஆக்டிவ்வா (ஆம்புக்கு முன்னாடியே சிக்னல டிஜிட்டலா பிரிச்சு) போய்டலாமா?

கிராஃப்பைத்தியம்:

மங்கறது எல்பேட்னால இல்ல. பரவல் சீரா இருக்கற ஹார்ன்ல மேல் ஃப்ரீக்வென்சி தானா சரியும், டிரைவர் அங்க குடுக்கற கொஞ்சநஞ்ச சத்தத்தயும் ஹார்ன் 90 டிகிரிக்கும் பங்கு போடுது இல்லயா. உங்களுக்கு எப்படியும் 11 டிபி குறைக்கணும், அதனால எல்பேட்ல சீரியஸ் ரெசிஸ்டருக்கு குறுக்க ஒரு சின்ன கெபாசிட்டர் போடுங்க, மேல போகப்போக அது ரெசிஸ்டர சுத்தி வழி விட்டுடும், குறைக்கறதும் ட்ரெபிள தூக்கறதும் ஒரே இடத்துல முடிஞ்சுது. மதிப்பு என்னன்னு கேக்காதீங்க, உங்க ஹார்ன்ல அளந்துதான் சொல்ல முடியும். ஒரு மெஷர்மென்ட் மைக், அளக்கற சாஃப்ட்வேர் ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம், அளந்தத விட்யூயிக்ஸ்கேட்ங்கற கிராஸ்ஓவர் சாஃப்ட்வேர்ல போட்டு டிசைன் பண்ணிடலாம்.

டிஎஸ்பி ஆக்டிவ் எனக்கு பிடிக்கும், ஹார்ன் ஆழத்தால வர்ற டைம் வித்தியாசத்த டிலேல சரி பண்ணிடலாம், 30 செமீக்கு 0.9 மில்லிசெகண்ட். ஆனா சேனலுக்கு ரெண்டு ஆம்ப் வேணும், 108 டிபி டிரைவர நேரா ஆம்ப்ல மாட்டினா உஸ்ஸுனு இரைச்சல் உக்கார்ற இடம் வரைக்கும் வரும், அங்கயும் ரெசிஸ்டர் போட்டே ஆகணும். உங்களுக்கு இருக்கறது அந்த ஒரு வால்வு ஆம்ப்தான்னா பாசிவ் (ஆம்புக்கு அப்புறம் காயில், கெபாசிட்டர் வச்சு பிரிக்கறது).

பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்:

பாசிவ்தான் தம்பி. ஆனா டெஸ்ட் பண்றப்ப டிரைவர கிராஸ்ஓவர் இல்லாம மாட்டி ஸ்வீப் ஓட்டாதீங்க, ஒரு 20 மைக்ரோஃபாரட் கெபாசிட்டராவது சீரியஸ்ல இருக்கணும், கீழ இருந்து ஆரம்பிக்கற ஸ்வீப் டயாஃப்ரம ஒரே தடவைல முடிச்சிடும். குழாய 20 செமீல வெட்டி பசை போடாம செருகி வச்சு, ஆம்ப மாட்டி அளந்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா அறுத்து 38க்கு கொண்டு வாங்க. கிராஃப் வந்ததும் இங்க போடுங்க, எல்பேட் மதிப்ப உக்காந்து பாத்துடலாம்.