ஹன்டர்ஸ் பார் ஒரு பாட்டில் வந்தபோது

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் முதல் ஆல்பமான 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்' 2006 ஜனவரியில் வந்தபோது நான் அவர்கள் ஊரான ஷெஃபீல்டில் படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் எக்லெசால் ரோட்டில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விற்பனைக் கணக்கில்தான் ஆரம்பிப்பார்கள். முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,63,735 பிரதிகள். அதுவரை அங்கே எந்த அறிமுக ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. ஆனால் கடைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அதில் பல பாட்டுகள் ஊருக்குள் புழங்க ஆரம்பித்திருந்தன.

எனக்கு அவை கிடைத்தது கூட வேலை செய்த உள்ளூர்ப் பையன் கொடுத்த சிடியில். கம்ப்யூட்டரில் நகல் எடுத்தது, மேலே கறுப்பு மார்க்கர் கிறுக்கல், பாதிப் பாட்டுக்குப் பெயரே இல்லை. பேண்ட் பையன்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் டெமோ சிடிகளைச் சும்மா கொடுத்தார்கள். வாங்கிப்போன ரசிகர்களே அதை இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். ஹை கிரீன் என்ற புறநகரில் வளர்ந்த பையன்கள். பாடகர் அலெக்ஸ் டர்னர், ஜேமி குக் இருவர் கைக்கும் கிடார் வந்ததே 2001 கிறிஸ்துமஸுக்குத்தான். ஆல்பம் வரும்போது டர்னருக்கு வயது 20.

அந்த யார்க்‌ஷயர் உச்சரிப்பில் முதலில் ஒரு வரியும் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒருநாள் 'ஹன்டர்ஸ் பார்' என்று காதில் விழுந்தது. உணவகத்துக்குப் பக்கத்து ரவுண்டானா! சான் பிரான்சிஸ்கோ கதை அளக்கிற ஒரு பாடகனைப் பார்த்து, நீ நியூயார்க்காரன் இல்லை, ராதர்ஹாம்காரன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற பாட்டு அது. ராதர்ஹாம் பக்கத்து ஊர். வடசென்னைக் கானாவில் காசிமேடும் ராயபுரமும் வருகிற மாதிரி, இவர்கள் பாட்டில் சொந்த ஊர் கூச்சமில்லாமல் வந்தது. அமெரிக்கக் குரலை இரவல் வாங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வெஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் வந்தால் டாக்ஸிக்குக் காத்திருப்பவர்களின் வரிசை நீண்டு கிடக்கும். அந்தக் குளிரிலும் கோட்டு இல்லாமல் நிற்பார்கள். யாராவது வரிசையைத் தாண்டினால் கைகலப்புதான். நான் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடப்பேன். ஆல்பத்தில் அதற்கும் ஒரு பாட்டு இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று டாக்ஸிக்குள் எழுதியிருக்குமே, அந்த வாசகம்தான் தலைப்பு. அதைக் கேட்ட பிறகு அந்தக் கூட்டத்தின் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பித்தது, பயமும் குறைந்தது.

என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் கடைசிப் பாட்டான 'எ சர்ட்டன் ரொமான்ஸ்'. பில்லியர்ட்ஸ் மாதிரியான 'பூல்' ஆட்டத்தின் குச்சியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற பையன்களையெல்லாம் விளாசிவிட்டு, முடிவில், அங்கே நிற்பவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எல்லை மீறினாலும் எனக்கு அதே மாதிரி கோபம் வரவில்லை என்று டர்னர் பாடுவார். அந்த வயதில் இந்த நேர்மை பெரிய விஷயம்.

ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தருகிற மெர்குரி பரிசும் அதே ஆண்டு இந்த ஆல்பத்துக்குத்தான். பரிசை வாங்க மேடையேறிய டர்னர், ரிச்சர்ட் ஹாலியைக் கொள்ளையடித்துவிட்டார்கள், யாராவது 999-க்கு, அதாவது அங்கே போலீஸை அழைக்கிற அவசர எண்ணுக்கு, போன் போடுங்கள் என்றார். பரிசு ஹாலிக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று அர்த்தம். பாடகரான ஹாலியும் ஷெஃபீல்டுக்காரர், அவருடைய 'கோல்ஸ் கார்னர்' ஆல்பமும் அந்தப் போட்டியில் இருந்தது. டர்னர் சொன்னதால்தான் நான் அதைத் தேடிப் பிடித்தேன். ஆர்க்டிக் மங்கீஸ் பிடித்தவர்கள் அடுத்து அதைக் கேளுங்கள். இரைச்சலே இல்லாத ஆல்பம், ஊர் அதே ஊர்தான்.